ஓர் எஞ்சினின் ஐந்தொகை



இந்தப் பக்கத்தில் வழமையாக நான் எழுதுவது வரி, வீட்டுக்கடன், ஓய்வூதியம் பற்றித்தான். இம்மாதம் ஒரு மோட்டார் சைக்கிள் பற்றி எழுதுகிறேன். எமது வீடுகளில் சில இளைஞர்கள் பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி, சிலிண்டரைப் பெருப்பித்து, வேகம் கூட்டும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். பெற்றோர் பயப்படுகிறார்கள். பிள்ளைகளோ "உங்களுக்கு இது விளங்காது" என்கிறார்கள். இரு பகுதியினருக்கும் பொதுவாக, நாம் வாழும் இந்த நியூசிலாந்தில் நடந்த ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

தென் தீவின் தென்கோடியில் இருக்கும் ஊர் இன்வர்கார்கில். அந்தப் பகுதியில் 1899 இல் பிறந்து வளர்ந்தவர் பேர்ட் மன்றோ. 1920 இல், தமது 21 வயதில், 'இந்தியன் ஸ்கவுட்' என்ற மோட்டார் சைக்கிளை வாங்கினார். பெயரில் 'இந்தியன்' இருந்தாலும் எமது இந்தியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்துத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது அது. இரண்டு சிலிண்டர்கள், ஏறத்தாழ 600 சிசி. அதன் உச்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது 89 கிலோமீற்றர்.

1926 இல் அதை மாற்றியமைக்கத் தொடங்கினார். பகலில் மோட்டார் சைக்கிள் விற்பனை, திருத்த வேலை. இரவில் தமது கொட்டிலில் சொந்த வேலை. 40 ஆண்டுகளுக்கு மேல் இது தொடர்ந்தது. 600 சிசி எஞ்சின் கடைசியில் 950 சிசி ஆனது.

சிலிண்டரைப் பெருப்பிப்பதில் அப்படி என்ன இலாபம்? சிறு கணக்குத்தான். சிலிண்டரின் கொள்ளளவு அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 70 மில்லிமீற்றர் விட்டத்தை 77 ஆக்கினால் விட்டம் கூடுவது 10 வீதம்; கொள்ளளவு கூடுவதோ 21 வீதம். ஒவ்வொரு அடிப்பிலும் அவ்வளவு கூடுதலாகக் காற்றும் எரிபொருளும் உள்ளே போகும். 10 கொடுத்து 21 வாங்குவது நல்ல வியாபாரமாகத் தோன்றும்.

ஆனால் இரட்டைப்பதிவு முறை படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் பதிந்தால் மறுபக்கமும் பதிய வேண்டும். பழைய சிலிண்டரையே கடைந்து பெருப்பித்தால் அதன் சுவர் மெலியும். சுவர் மெலிந்தால் வெப்பத்தில் நெளியும். பிஸ்ரன் இறுகிப் பிடிக்கும். புதிய சிலிண்டர் போட்டால் சுவர் பிரச்சினை தீரும். ஆனால் பெரிய பிஸ்ரன் பாரம் கூடியது. மேலும் கீழும் ஓடும் அந்தப் பாரத்தை இணைப்புத்தண்டு தாங்க வேண்டும். தண்டு தாங்கினால் அடுத்த சுமை அச்சுக்குப் போகும்.

மன்றோ இந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாக எழுதினார் என்றே சொல்லலாம். கைவிடப்பட்ட வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாய்களை எடுத்துச் சிலிண்டர் செய்தார். பழைய பிஸ்ரன்களை உருக்கிப் புதியவற்றை வார்த்தார். உழவு இயந்திரத்தின் அச்சிலிருந்து இணைப்புத்தண்டுகளைச் செதுக்கினார். பக்கவாட்டில் இருந்த வால்வுகளை மேலே கொண்டுவந்தார். சில அளவுகளை எடுக்க அவரிடம் இருந்த கருவி ஒரு பழைய சில்லுக் கம்பி.

இங்கேதான் பலர் மறக்கும் ஓர் உறுப்பு வருகிறது: கிளச். எஞ்சினின் சுழற்சியைக் கியர்ப்பெட்டிக்குக் கொடுப்பது அது. உள்ளே வட்டத் தட்டுகள் அடுக்காக இருக்கும். ஸ்பிறிங்குகள் அவற்றை நெருக்கிப் பிடிக்கும். அந்தப் பிடி தாங்கும் அளவுக்குத்தான் சக்தி பின்சில்லுக்குப் போகும். எஞ்சினின் திருப்புவிசை அதற்கு மேல் போனால் தட்டுகள் வழுக்கும். எஞ்சின் கத்தும், வண்டி ஓடாது. வழுக்கிய தட்டு சூடாகி எரியும். கூட்டிய சக்தி முழுவதும் வெப்பமாக வீணாகும்.

பிடியைக் கூட்ட மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஸ்பிறிங்குகளைக் கடினமாக்குவது. அப்போது கைப்பிடியை அழுத்தச் சிரமம். நெரிசலில் நின்று நின்று போகும்போது கை உளையும். இரண்டு, தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. கை தப்பும், ஆனால் பெட்டிக்குள் இடம் வேண்டும். தட்டுகள் முழுவதாகப் பிரியாமல் இழுபடவும் கூடும். மூன்று, உராய்வு கூடிய மேற்பரப்புள்ள தட்டுகளைப் போடுவது. அது திடீரென்று பிடித்து வண்டியை உதறவைக்கலாம். சந்தியில் நின்று புறப்படும் வண்டிக்கு எது பொருந்தும், நேர்கோட்டில் ஓடும் வண்டிக்கு எது பொருந்தும் என்று பார்த்தே தெரிவு செய்ய வேண்டும்.

மன்றோவின் வண்டி சந்திகளில் நிற்கத் தேவையில்லாதது. ஆகவே பல தட்டுகளை அடுக்கி, ஆயிரம் இறாத்தல் அழுத்தம் கொடுக்கும் கிளச் ஒன்றைத் தாமே செய்தார். எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் இடையே தொழிற்சாலை வைத்த பற்சில்லுகளை அகற்றி மூன்று வரிச் சங்கிலி பூட்டினார். சாதாரண வீதியில் அந்தக் கிளச் பெரும் தொல்லை. உப்பு வெளியில் அதுவே சரி.

உடைந்த பிஸ்ரன்களையும் தண்டுகளையும் அவர் எறியவில்லை. தட்டொன்றில் அடுக்கி, 'வேகக் கடவுளுக்குக் காணிக்கை' என்று எழுதிவைத்தார். எந்தப் பதிவு எங்கே தாங்கவில்லை என்பதற்கான சான்று அது.

இதைப் படித்தபோது எனக்கு 1990களின் யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காத காலம். சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய வண்டிகளை உங்களில் பலர் ஓட்டியிருப்பீர்கள், அல்லது அந்தப் புகையைச் சுவாசித்திருப்பீர்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைவிட எளிதாகத் தட்டும், எஞ்சினை வாட்டும். வேகத்தைக் குறைத்து, பாரத்தைக் குறைத்து, ஊருக்கு வண்டி ஓட வைத்தார்கள் எமது மெக்கானிக்குகள். மன்றோ சக்தியைக் கூட்டினார். அவர்கள் சக்தியை விட்டுக்கொடுத்தார்கள். எந்த உறுப்பு எவ்வளவு தாங்கும் என்ற அறிவு இரண்டுக்கும் ஒன்றே. அந்த அறிவு பெரும்பாலும் எழுதப்படாமலே போய்விட்டது என்பதுதான் எனது கவலை. கராஜில் வேலை செய்த அப்பாவோ மாமாவோ வீட்டில் இருந்தால், பிள்ளைகள் அவரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

மன்றோவின் கணக்குக்கு வருவோம். அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திலுள்ள பொன்னவில் உப்பு வெளியில் 1962 இல், 850 சிசி எஞ்சினுடன் மணிக்கு 178.971 மைல் ஓடிச் சாதனை படைத்தார். 1967 இல், 68 வயதில், 950 சிசி எஞ்சினுடன் 1000 சிசி பிரிவில் பெற்ற சாதனை 183.586 மைல் என்று பதிவாகியது. 55 மைலிலிருந்து அந்த வேகத்துக்குப் போக, வண்டியின் உருவம் மாறாவிட்டால், காற்றை வெல்ல மட்டும் 37 மடங்கு சக்தி வேண்டும். சிலிண்டர் கூடியதோ 58 வீதம் மட்டுமே. மிச்சத்தில் ஒரு பங்கை வால்வுகளும் கூடிய சுழற்சியும் கொடுத்தன. இன்னொரு பங்கை, காற்றுத் தடையைக் குறைத்த மூடிய கூடு மிச்சப்படுத்திக் கொடுத்தது. சிலிண்டர் ஒன்றையே நம்பியிருந்தால் இது நடந்திராது.

ஒரு கணக்காளனாக எனக்கு மிகப் பிடித்த பகுதி இனித்தான். 1967 இல் அவர் ஒரு திசையில் ஓடியது 184.710 மைல், திரும்பி ஓடியது 183.463. கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள், 184.087 வரும். பதிவேட்டில் இருந்தது 183.586. மன்றோ 1978 இல் காலமானார். பின்னாளில் அவரது மகன்தான் இந்தக் கூட்டல் பிழையைக் கண்டார். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 2014 இல், 47 ஆண்டுகளின் பின், பதிவைத் திருத்தியது. அரை மைல்தான் வித்தியாசம். ஆனால் அந்த அரை மைலுக்காக ஒரு மனிதர் எத்தனை பிஸ்ரன் வார்த்திருப்பார்!

பிள்ளைகளே, பெரிய சிலிண்டர் வாங்கமுன் ஒரு தாளில் இரு பக்கம் கோடு போடுங்கள். கூடுவது எவ்வளவு, அதைத் தாங்கப்போவது எது என்று எழுதுங்கள். கிளச், சங்கிலி, குளிரூட்டல், பிரேக் நான்கும் அதில் இருக்க வேண்டும். இங்கே ஆரம்ப நிலைச் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு ஓட்டக்கூடிய மோட்டார் சைக்கிள்களுக்கு வரம்பு உண்டு. சக்தி கூட்டிய வண்டி அந்த வரம்பைத் தாண்டிவிடும். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். பெற்றோரே, வேண்டாம் என்று சொல்லமுன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மன்றோவின் ஸ்கவுட் இன்வர்கார்கிலில் ஈ. ஹேய்ஸ் என்ற இரும்புச் சாமான் கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. தெற்கே சுற்றுலா போகும் குடும்பங்கள் ஒரு மணித்தியாலம் ஒதுக்கிப் பாருங்கள்.