கொட்டானும் மஞ்சப்பையும்: துணியில் பொதியும் கலை

துணிப் பொதிவு: பொருளைத் துணியில் முடிந்தோ, தைத்த பையில் இட்டோ, நூல் வேலை செய்த கூடையில் வைத்தோ கைமாற்றும் முறை. புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயம் வட்டாரத்திலும் அதை ஒட்டிய செட்டிநாட்டிலும் இது வெறும் பேக்கிங்காக இருந்ததில்லை. உள்ளே இருப்பது தீர்ந்த பிறகும் வாங்கியவர் வீட்டில் தங்குவதே நல்ல பொதிவு என்று இங்கே கருதப்பட்டது.

தமிழில் இதன் வேர் ஆழமானது. காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுமதி மூடைகளின் மேல் சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. சரக்குக்கு அடையாளம் இடும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு அது சான்று. திருவிளையாடல் கதையில் பாண்டியன் பரிசாகத் தொங்கவிட்டதும் துணியில் முடிந்த பொன்தான். நேர்ச்சைக் காசை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பது இன்றும் வீடுகளில் நடக்கிறது. பாட்டிகளின் இடுப்பில் இருந்த சுருக்குப்பையும் இந்தக் குடும்பம்தான்.

ஆனால் இந்தக் கலை உச்சத்தைத் தொட்டது பனையோலைக் கூடையான கொட்டானில். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும், வணிகச் சமூகமான நகரத்தாரின் ஊர்கள் 70-க்கும் மேல். ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, நச்சாந்துபட்டி, குழிபிறை, விராச்சிலை எல்லாம் புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்கள். ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனபோது வீட்டையும் விசேஷங்களையும் நடத்தியவர்கள் ஆச்சிமார். பனங்குருத்தோலையைக் கிழித்து, சாயம் ஏற்றி, பெட்டி பெட்டியாக முடைந்தார்கள். கல்யாணத்திலும் மற்ற சடங்குகளிலும் வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய், பலகாரம் எல்லாம் இந்தக் கொட்டானில்தான் கை மாறின. முடைந்ததோடு வேலை முடியவில்லை. விளிம்பில் குரோஷா பின்னல், கண்ணாடி மணி, துணி வேலை என்று ஒவ்வொரு வீடும் தன் கைத்திறனைக் காட்டியது. உருவத்தைத் தாங்குவது ஓலை, வீட்டின் முகத்தைக் காட்டுவது நூல். பேக்கிங் வடிவமைப்பு படிக்கிற மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டிய பொருள் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

பிளாஸ்டிக் கூடையும் எவர்சில்வர் பாத்திரமும் வந்தபின் கொட்டான் பரணுக்குப் போயிற்று. 2000-இல் விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளை, கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டது. செட்டிநாட்டுக் கொட்டான் இப்போது புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள்.

அன்றாடச் சரக்குக்கு வேறு வரலாறு. வங்காளத்தின் ரிஷ்ராவில் 1855-இல் இந்தியாவின் முதல் சணல் ஆலை வந்தது. நெல்லும் கடலையும் கோணிச் சாக்கில் ஏற, சாக்கின் வாயைக் கோணி ஊசியும் சணல் நூலும் மூடின. இன்று அந்த வேலையைக் கையடக்கத் தையல் எந்திரம் செய்கிறது. அது போடுவது சங்கிலித் தையல். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தத் தையலும் சரசரவென்று பிரியும், தவறான முனையைப் பிடித்தால் கத்திதான் துணை. தபாலில் போன பார்சலுக்கும் தையல் உண்டு: வெள்ளைத் துணியில் சுற்றித் தைத்து, தையல் மேல் அரக்கு வைத்து முத்திரை குத்துவார்கள். யாராவது பிரித்தால் தெரிந்துவிடும்.

வெளியுலகிலும் சாக்கு கலையாகியிருக்கிறது. முதல் உலகப் போரில் அமெரிக்கா அனுப்பிய மாவுச் சாக்குகளின் மேல் பெல்ஜியப் பெண்கள் பூவேலை செய்து நன்றியாகத் திருப்பி அனுப்பினார்கள். அமெரிக்காவிலேயே மாவு, தீவனக் கம்பெனிகள் 1920-களிலிருந்து பூப்போட்ட துணியில் சாக்கு தைத்தன. பொருளாதார மந்தக் காலத்தில் அவற்றைப் பிரித்துப் பெண்கள் பாவாடையும் சட்டையும் தைத்துக்கொண்டார்கள். கம்பெனிப் பெயரைக் கழுவினால் போகும் மையில் அச்சிட்டதுதான் அந்த வியாபாரிகளின் சாமர்த்தியம்.

தமிழ்நாட்டில் துணிப்பை அரசு விவகாரமானது அண்மையில்தான். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய்க்குப் பை தரும் எந்திரமும் வைக்கப்பட்டது. ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு பட்டணம் வந்தவனைப் பட்டிக்காட்டான் என்று சினிமா கேலி செய்தது. ஆனால் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையாக, மணமக்கள் பெயரோடு, அது எப்போதும் மதிப்பாகவே இருந்தது.

துணி என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. டென்மார்க் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரணப் பருத்திப் பை ஒன்று பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமென்றால் காலநிலைக் கணக்கில் மட்டும் 52 முறை பயன்பட வேண்டும். எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை. விசேஷத்தில் கொடுத்து, இரண்டாம் நாள் கைப்பிடி அறுந்துபோகும் மெல்லிய பை இந்தக் கணக்கில் தேறவே தேறாது. திருப்பூரின் வெட்டுத் துண்டுகளும் வீட்டுப் பழைய சேலைகளும் பைக்குப் போதுமான துணி. தாம்பூலப் பைக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் அச்சின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அடியில் இரட்டைத் தையலும் கைப்பிடியில் குறுக்குத் தையலும் இருக்கிறதா என்று தையல்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.