வாடிவாசலும் வரவேற்பும்: வத்தலக்குண்டுக்காரர்கள் திறந்து வைத்த கதவு

(இது எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகப் பேச்சைச் சுருக்கி ஒழுங்கு செய்திருக்கிறோம்.)



ஒரு காட்சியோட ஆரம்பிக்கலாம். ஹாஸ்டல்ல முதல் நாள். ஒரு ரூமுக்குள்ள எட்டிப் பார்க்கிறீங்க. பத்து பேர் கட்டில் மேலயும் தரையிலயுமா உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தன் ஒரே ஒரு வார்த்தை சொல்றான், மொத்த ரூமும் சிரிக்குது. உங்களுக்கு ஒண்ணும் புரியல. அரை செகண்ட் லேட்டா நீங்களும் சிரிச்சு வைக்கிறீங்க. அதுக்கப்புறம் ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும். யாராச்சும் ஒருத்தர் திரும்பி, "உட்காரு. இவன் சொல்றது சரியா தப்பா, நீ சொல்லு"ன்னு கேட்பாங்க. இல்லேன்னா யாருமே கேட்க மாட்டாங்க, நீங்களும் வாசலோட திரும்பிப் போயிடுவீங்க.

இன்னிக்கு எபிசோட் அந்த "நீ சொல்லு" பத்தித்தான். நவீனத் தமிழ் இலக்கியத்துல ரெண்டு முக்கியமான தருணங்கள்ல அந்த வார்த்தையைச் சொன்ன ரெண்டு பேரும் ஒரே ஊர்க்காரங்க. ஊர் வத்தலக்குண்டு.

பஸ் நிக்கிற ஊர்

மதுரையிலேர்ந்து கொடைக்கானல் போனவங்களுக்கு இந்த ஊர் தெரியும். மலை ஏறுறதுக்கு முன்னாடி பஸ் நிக்கும், டீ குடிப்போம், ஏறிடுவோம். வெற்றிலைக்குண்டுதான் வத்தலக்குண்டு ஆச்சுன்னு ஊர்ல சொல்வாங்க.

ஆனா எழுத்து உலகத்துல இந்தச் சின்ன ஊரோட பட்டியல் பெருசு. தமிழின் ஆரம்பகால நாவல்கள்ல ஒண்ணான 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர். ராஜமய்யர் 1872-ல் இங்க பிறந்தவர். இருபத்தாறு வயசுல இறந்துட்டார். சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1884-ல் இங்க பிறந்தவர். அவர் நடத்தின 'ஞானபாநு' பத்திரிகையில, புதுச்சேரியில இருந்த பாரதியார் எழுதினார்.

இவங்களுக்கு அடுத்து வர்ற ரெண்டு பேர்தான் நம்ம கதை. 1905-ல் பிறந்த பி.எஸ். ராமையா, 1912-ல் பிறந்த சி.சு. செல்லப்பா. செல்லப்பாவை உங்களுக்கு 'வாடிவாசல்' மூலமா தெரிஞ்சிருக்கும். வெற்றிமாறன் படமா எடுக்கப்போறதா அறிவிச்சாரே, அந்த ஜல்லிக்கட்டுக் குறுநாவல் இவர் எழுதினதுதான்.

பேசாதவருக்கு ஒரு பேர்

1933-ல் 'மணிக்கொடி'ன்னு ஒரு வாரப் பத்திரிகை தொடங்குது. கே. சீனிவாசன், டி.எஸ். சொக்கலிங்கம், வ.ரா. மூணு பேரும் சேர்ந்து ஆரம்பிச்சது. அரசியல்தான் பெரும்பகுதி. அது நின்னுபோன பிறகு, 1935-ல் சிறுகதைக்கான பத்திரிகையா அதுக்கு மறுபடியும் உயிர் கொடுத்தவர் ராமையா. அப்ப அவருக்கு முப்பது வயசு.

புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி எல்லாம் அங்க எழுதினாங்க. பேச உட்கார்ந்தா கிண்டலுக்குப் பஞ்சம் இருக்காது. அதுலயும் புதுமைப்பித்தன் வாயில சிக்காதவங்க கிடையாது. பின்னாடி அவர் கவிதை எழுத எடுத்துக்கிட்ட பேரே 'வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை'. கவிஞர் பேர் மாதிரியா இருக்கு? ஏதோ தாலுகா ஆபீஸ் கிளார்க் பேர் மாதிரி இருக்குல்ல? அதுதான் அவரோட விளையாட்டு.

இப்படிப்பட்ட கூட்டத்துக்குள்ள ஒரு புது ஆள் எப்படி வர முடியும்? அதுக்கு ஒரு நல்ல உதாரணம் மணி. கணிதம் படிச்சவர், சங்கீதத்துல பைத்தியம், கும்பகோணத்துல இருந்தவர். அவரை எழுதச் சொல்லித் தூண்டினவர் ராமையா. 1936-லேர்ந்து அவர் கதைகள் மணிக்கொடியில வருது. அந்தக் கதைகளுக்குத் தலைப்பு வச்சது ராமையா. எழுதினவருக்கும் ஒரு பேர் வச்சார்: 'மௌனி'.

மணி என்கிற பேரைக் கொஞ்சம் திருகினா மௌனி. நட்பான கேலிதான். ஆனா அந்தக் கேலி ஒரு வேலை செஞ்சது. அந்த நாள் வரைக்கும் ஒரு கதைகூட அச்சுல வராத மனுஷனுக்கு அந்தப் பேர் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தது. பிற்பாடு புதுமைப்பித்தன் தன் பங்குக்கு அவரை 'சிறுகதையின் திருமூலர்'னு சொன்னார். வருஷத்துக்கு ஒரு பாட்டுன்னு திருமூலர் பாடினதா ஒரு கதை உண்டு, தெரியும்ல? மௌனி வாழ்நாள் முழுக்க எழுதினது மொத்தம் இருபத்து நாலு கதைதான். அவை இன்னிக்கும் படிக்கப்படுது.

பட்டப்பேர் எல்லா ஊர்லயும் எல்லாக் கூட்டத்துலயும் வைப்பாங்க. சில பட்டப்பேர் ஆளை ஓரமா உட்கார வைக்கும், சிலது நடுவுல உட்கார வைக்கும். 'மௌனி' ரெண்டாவது வகை.

அதே மணிக்கொடியில எழுதின இன்னொரு இளைஞர், ராமையாவைவிட ஏழு வயசு சின்னவர், அதே ஊர்க்காரர். 'சரஸாவின் பொம்மை'ன்னு அவர் எழுதின கதை பேசப்பட்டுச்சு. அவர்தான் செல்லப்பா. ராமையா 1938-ல் மணிக்கொடியை விட்டு வெளியேறினார். கொஞ்ச நாள்ல பத்திரிகையும் நின்னுபோச்சு. அங்க உள்ளே வந்து பழகின ஒருத்தர், ஒரு கதவு திறந்திருந்தா என்ன ஆகும்ங்கிறதைப் பார்த்துட்டார்.

தபால்ல நடந்த அரட்டை

இப்ப இருபது வருஷம் தாண்டிப் போவோம். ஜனவரி 1959. பெரிய வார இதழ்கள் கொடிகட்டிப் பறக்குற காலம். சென்னை திருவல்லிக்கேணி பிள்ளையார் கோவில் தெருவுல இருந்து செல்லப்பா 'எழுத்து'ன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிக்கிறார். 2000 பிரதிக்கு மேல அச்சடிக்கப் போறதில்லைன்னு அவரே சொல்லிட்டார். எல்லாரும் "இன்னும் அதிகமா விக்கணும்"னு ஓடிக்கிட்டிருந்தப்ப, "இவ்வளவு பேர் போதும், ஆனா பேசுறவங்களா இருக்கணும்"னு ஒருத்தர் நினைச்சார்.

சில மாசத்துலயே நாகர்கோவில்லேர்ந்து ஒரு கவிதை வருது. தலைப்பு 'உன் கை நகம்'. எழுதினவர் பேர் பசுவய்யா. கதை எழுதி ஏற்கெனவே அறிமுகமான சுந்தர ராமசாமியோட புனைபெயர் அது. கதையில ஆள் பழையவர், கவிதையில புது வரவு. சந்தம் கிடையாது, எதுகை மோனை கிடையாது. நகத்தைப் பத்திக் கவிதையான்னு இன்னிக்கும் ஒருத்தர் கேட்பார். 1959-ல் கேட்காமலா இருந்திருப்பாங்க? செல்லப்பா அதை அச்சுல போட்டார்.

அடுத்த வருஷம் இலங்கை திரிகோணமலையிலேர்ந்து தருமு சிவராமு. வயசு இருபது. பின்னாடி பிரமிள்னு நாம கொண்டாடுற கவிஞர் இவர்தான். சென்னையில யாரையும் தெரியாது, பெரிய படிப்புன்னு காட்ட எதுவும் கிடையாது. கடல் தாண்டி வந்த கவிதை, அவ்வளவுதான். அதுவும் அச்சாச்சு. கவிதை மட்டும் இல்ல, விமர்சனக் கட்டுரைகளும் போட்டார். இருபது வயசுப் பையன் மூத்தவங்களை எடைபோட்டு எழுதுறான், ஆசிரியர் அதை வெளியிடுறார்!

சேலம் பக்கத்திலேர்ந்து சி. மணி. திருவனந்தபுரத்துல ஆங்கிலப் பேராசிரியரா இருந்த டி.கே. துரைசாமி, அதாவது நகுலன். டெல்லியில மத்திய அரசு வேலை பார்த்த வெங்கட் சாமிநாதன் விமர்சகரா அறியப்பட்டதே எழுத்து மூலமாத்தான். இதுல பல பேர் ஒருத்தரை ஒருத்தர் நேர்ல பார்க்கறதுக்கு முன்னாடியே தபால்லயும் அச்சுலயும் வாதாடினவங்க.

பேர்களைக் கவனிச்சீங்களா? மௌனி, பசுவய்யா, நகுலன், பிரமிள். பிச்சமூர்த்திக்குக்கூட 'பிக்ஷு'ன்னு ஒரு பேர் உண்டு. படிக்கிறவனுக்கு முதல்ல கண்ணுல பட்டது எழுத்து. ஆள் யார், என்ன உத்தியோகம்ங்கிறது அப்புறம்தான்.

1962-ல் செல்லப்பா ஒரு தொகுப்பு கொண்டு வந்தார். 24 கவிஞர்கள், 63 கவிதைகள். பேர் 'புதுக்குரல்கள்'. அந்தப் பேருக்கு விளக்கமே வேண்டாம்.

வரவேற்புன்னா உபசாரமா?

இங்கதான் நாம தப்பாப் புரிஞ்சுக்கக்கூடாது. செல்லப்பா ஒண்ணும் "வாங்க வாங்க, அருமை அருமை"ன்னு முதுகைத் தட்டுற ஆள் கிடையாது. பிடிவாதக்காரர். ஒரு படைப்பை வரி வரியா பிரிச்சு அலசணும்ங்கிறது அவர் கட்சி. எழுத்துவுல ஆரம்பத்திலேயே எழுதின க.நா.சு., ரசனைதான் முக்கியம், தேர்ந்த வாசகன் நல்லதை நல்லதுன்னு சொன்னாப் போதும்ங்கிற கட்சி. க.நா.சு. போடுற 'சிறந்த எழுத்தாளர்கள்' பட்டியல் இலக்கிய வட்டாரத்துல நிரந்தரக் கேலிப்பொருள். வேறுபாடு முத்தி, 1963-ல் க.நா.சு. 'இலக்கிய வட்டம்'னு தனியா பத்திரிகை தொடங்கிட்டார்.

செல்லப்பா கிட்ட புது ஆளுக்குக் கிடைச்ச மரியாதை, அவர் எழுதினதை ஒருத்தர் முழுசாப் படிச்சு, எங்க ஒத்துக்கிறேன், எங்க ஒத்துக்கலைன்னு சொல்றது. விருந்தாளின்னா நாம அவங்க முகத்துக்கு நேரா எதிர்த்துப் பேச மாட்டோம், இல்லையா? நாம வாதாடறது வீட்டு ஆளுங்ககிட்டதான். புதுசா வந்தவங்களை எழுத்து விருந்தாளியா வைக்கல, வீட்டு ஆளா வச்சது.

இதை அவர் தன்னை உள்ளே கூப்பிட்டவர்கிட்டயும் காட்டினார். ராமையாவோட கதைகளை எடுத்துக்கிட்டு 'ராமையாவின் சிறுகதைப் பாணி'ன்னு ஒரு முழுப் புத்தகம் எழுதினார். எனக்குத் தெரிஞ்சு ஒரு எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய நன்றி கிடையாது.

கணக்கு வழக்கு

இந்தக் கதவைத் திறந்து வைக்கச் செலவு யாருது? பெரும்பாலும் செல்லப்பாவோடதுதான். எழுத்து பிரசுரம்னு ஆரம்பிச்சுப் புத்தகங்கள் போட்டார். அதையெல்லாம் மூட்டையாத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா, கல்லூரி கல்லூரியா போய் வித்தார். ஆசிரியர், பதிப்பாளர், விற்பனையாளர், சுமக்கிறவர், எல்லாம் ஒரே ஆள். 1970-ல் நின்னுபோறப்ப எழுத்து 119 இதழ் வந்திருந்தது. அவர் இறந்தது 1998-ல். சாகித்திய அகாதெமி விருது 'சுதந்திர தாகம்' நாவலுக்கு 2001-ல் வந்தது. வாங்க அவர் இல்லை.

இன்னொரு கணக்கும் நேர்மையாச் சொல்லணும். கதவு திறந்திருந்தது உண்மைதான், ஆனா அந்தக் கதவு வரைக்கும் வந்து சேர்ந்தவங்க யார்? மணிக்கொடி, எழுத்து ரெண்டுலயும் பிராமணக் குடும்பங்கள்லேர்ந்து வந்த ஆண்கள்தான் அதிகம். புதுமைப்பித்தன், சி. மணி, பிரமிள்னு வேற பின்னணியில வந்தவங்க உண்டு. ஆனாலும் அந்த விமர்சனம் நியாயமானது. பெண் குரல்கள் ரொம்பக் குறைவு. "யார் வேணும்னாலும் எழுதலாம்"னு சொன்னா மட்டும் எல்லாரும் வந்துட மாட்டாங்க. அந்த அறிவிப்பு யார் காதுல விழுதுங்கிறதும் முக்கியம்.

வாதாட்டத்துக்கும் ஒரு விலை உண்டு. எழுத்து மூலமா பேர் தெரிஞ்ச வெங்கட் சாமிநாதனும் பிரமிளும் முதல்ல நெருக்கமானவங்க, பிற்காலத்துல கடுமையா மோதிக்கிட்டாங்க. கருத்தைக் கடிக்கிற பழக்கம் சில நேரம் ஆளைக் கடிக்கிறதுல போய் முடியும். எழுத்து பரம்பரை நமக்குக் கொடுத்த சொத்துல அந்தக் கசப்பும் சேர்த்தி.

வெளியே போறவங்க

ஒரு கூட்டம் புதியவங்களை உண்மையிலேயே வரவேற்றதான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. வந்தவங்க அப்புறம் என்ன செஞ்சாங்கன்னு பாருங்க.

1968-ல் சேலத்துலேர்ந்து சி. மணி முன்னின்று 'நடை' பத்திரிகை வந்தது. எழுத்து நின்ன அதே 1970-ல் சென்னையில 'கசடதபற' தொடங்குது. எழுத்துவுல கதை எழுதி அறிமுகமான நா. முத்துசாமி அந்த வட்டத்துல ஒருத்தர். அவர் 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அங்கேர்ந்து வந்த பசுபதியையும் விஜய் சேதுபதியையும் நாம தியேட்டர்ல பார்த்துக்கிட்டிருக்கோம். ராமையா ஒரு வாசலைத் திறந்தார், அதுல வந்தவர் இன்னொண்ணைத் திறந்தார், அதுல வந்தவங்க இன்னும் பலதைத் திறந்தாங்க.

ராமையா கடைசிக் காலத்துல அந்த நாட்களை நினைவுபடுத்தி எழுதின 'மணிக்கொடி காலம்' புத்தகத்துக்கு 1982-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைச்சது. எத்தனையோ கதை எழுதின மனுஷனுக்கு, ஒரு கூட்டத்தைப் பத்தி எழுதினதுக்குத்தான் விருது.

வாடிவாசல்னா காளை வெளிய வர்ற வாசல். வெளிய வர்ற காளைக்கு எதிர்ல இருக்கிற ஆயிரம் பேரும் அந்நியங்க. புதுசா ஒரு கூட்டத்துக்குள்ள நுழையறவங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அடுத்த தடவை கொடைக்கானல் போறப்ப வத்தலக்குண்டுல பஸ் நின்னா இறங்கி ஒரு டீ குடிங்க. பக்கத்துல யாராவது காரசாரமா பேசிக்கிட்டிருந்து, உங்களைப் பார்த்து "நீங்க சொல்லுங்க தம்பி"ன்னா தயங்காதீங்க, சொல்லுங்க. ஹாஸ்டல் ரூமுக்குத் திரும்பினதும், அரை செகண்ட் லேட்டா சிரிக்கிற அந்தப் புது ஆளைப் பார்த்து நீங்க அதே கேள்வியைக் கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.