வழி விடுவது யார்? குமரி மாவட்டச் சாலைகளில் சத்தமும் புகையும் மரியாதையும்

சைலன்சரைக் கழற்றிவிட்டு பைக் ஓட்டுபவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அந்தக் காலத்தில் ரோட்டில் ஒரு மரியாதை இருந்தது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது இல்லை" என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் காலத்தில்? கன்னியாகுமரி மாவட்டத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், சாலையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மரியாதை என்ற எண்ணமே நூறு வருடத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகத்தான் வந்திருக்கிறது. அதுவும் சும்மா வரவில்லை. நடந்தும், அடி வாங்கியும், சிறைக்குப் போயும் வாங்கியது.

சத்தம் போட்டு விலக்கிய காலம்

இன்றைய குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. பழைய திருவிதாங்கூரில் தெருவில் யார் யாருக்கு வழி விட வேண்டும் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. தீண்டாமை மட்டும் அல்ல, நெருங்காமையும் இருந்தது. யார் யாரிடமிருந்து எத்தனை எட்டு தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கே உண்டு! நம்பூதிரி பிராமணரிடமிருந்து நாடார் 36 எட்டும், புலையர் 96 எட்டும் விலகி நிற்க வேண்டியிருந்ததாக, இங்கே பணியாற்றிய லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மேட்டீர் 1871-ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

மேல்சாதிக்காரர் தெருவில் வரும்போது அவருடைய ஆட்கள் முன்னால் குரல் கொடுத்துக்கொண்டே போவார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் மற்றவர்கள் ரோட்டை விட்டு இறங்கி, வயலிலோ வரப்பிலோ ஒதுங்கி நிற்க வேண்டும். தலையில் சுமை இருந்தாலும் சரி, இடுப்பில் குழந்தை இருந்தாலும் சரி. சத்தம் போடுகிறவருக்கு ரோடு, சத்தம் கேட்கிறவருக்கு ஓரம். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்தது. பொதுச்சாலைகள் எல்லா வகுப்பினருக்கும் உரியவை என்று திருவிதாங்கூர் அரசு 1865-லேயே அறிவித்தது. 1884-ல் அதையே திரும்பவும் சொன்னது. ஆனால் காகிதத்தில் இருந்தது ரோட்டுக்கு வரவில்லை. 'ராஜவீதி' வேறு, 'கிராமவீதி' வேறு என்று ஒரு சட்ட விளக்கம் கிளம்பியது. ராஜவீதிதான் எல்லோருக்கும், கோயிலைச் சுற்றிய கிராமவீதிக்கு அறிவிப்பு பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள்.

1893-ல் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உள்ள வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கி, தன் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். புலையர் சமூகத்தில் பிறந்தவர் வண்டியில் உட்கார்ந்து ரோட்டில் போவதே அன்று பெரிய கலகம். எதிர்ப்பு வந்தது, மோதலும் நடந்தது. அவர் வண்டியைத் திருப்பவில்லை.

கோட்டாறிலிருந்து கிளம்பிய நடைப்பயணம்

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த வைக்கம். 1924 மார்ச் 30-ல் தொடங்கிய வைக்கம் சத்தியாக்கிரகத்தைப் பலர் கோயில் நுழைவுப் போராட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது ரோட்டுக்கான போராட்டம். மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. பெரியார் ஈ.வெ.ரா. அதற்காக இரண்டு முறை சிறை சென்றார்.

இதில் குமரி மாவட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு, அது அதிகம் பேசப்படுவதில்லை. தடை நீங்க வேண்டும் என்று விரும்பிய மேல்சாதியினரும் வெளியே வந்து சொல்ல வேண்டும் என்பது காந்தியின் யோசனை. அதன்படி 1924 நவம்பரில் வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் ஒரு நடைப்பயணம் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பியது. அதே சமயம் தெற்கே நாகர்கோவில் கோட்டாறிலிருந்து டாக்டர் எம்.இ. நாயுடு என்ற எம்பெருமாள் நாயுடு தலைமையில் இன்னொரு நடைப்பயணம் கிளம்பியது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். 25,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனு ஆட்சியில் இருந்த மகாராணி சேது லட்சுமி பாயிடம் கொடுக்கப்பட்டது.

1925 பிப்ரவரியில் சட்டசபையில் தீர்மானம் வந்தபோது ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. 21-க்கு 22! அந்த வருடம் நவம்பரில் கோயிலின் மூன்று பக்கத் தெருக்கள் மட்டும் திறக்கப்பட்டன. 1926-ல் நாகர்கோவில் பக்கத்தில் உள்ள சுசீந்திரத்திலும் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12-ல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த பிறகுதான் இந்தக் கதை ஒரு முடிவுக்கு வந்தது.

ரோடு என்பது சத்தம் போடுகிறவருக்கு மட்டும் சொந்தம் இல்லை, நடந்து வருகிறவருக்கும் அதே அளவு சொந்தம். இது இங்கே நிலைபெற்றது இப்படித்தான்.

கான்கிரீட் ரோடும் சர்க்கார் பஸ்ஸும்

அந்த நேரத்தில்தான் மோட்டார் வண்டிகளும் பெருகின. திருவனந்தபுரம் - கன்னியாகுமரி சாலை 1930களில் சிமெண்ட் கான்கிரீட் சாலையாக மாறியது. இந்தியாவில் அப்போது இப்படிப்பட்ட நீளமான கான்கிரீட் சாலை அபூர்வம். 1938 பிப்ரவரி 20-ல் மகாராஜா சித்திரைத் திருநாள் அரசு பஸ் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். அதை நடத்துவதற்காக லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை பார்த்த சால்ட்டர் என்பவரை வரவழைத்திருந்தார்கள். திருவனந்தபுரம் - நாகர்கோவில், நாகர்கோவில் - குளச்சல், நாகர்கோவில் - கன்னியாகுமரி ஆகியவை முதலில் அரசு எடுத்துக்கொண்ட தடங்கள்.

முன்பு ஒரே தெருவில் நடக்க முடியாதவர்கள் இப்போது ஒரே பஸ்ஸில் உட்கார்ந்தார்கள். முன்பக்கத்து முதல் வகுப்பு சீட்டுக்குக் கட்டணம் அதிகம். ஆனாலும் அது காசு கணக்கு, 36 எட்டு கணக்கு இல்லை. ரோட்டின் வரலாற்றில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள்.

புகைக்கும் சத்தத்துக்கும் வந்த சட்டம்

இனி வண்டிகளின் பக்கம் வருவோம். நீராவி வண்டிகள் ரோட்டில் ஓடத் தொடங்கிய இங்கிலாந்தில் 1865-ல் ஒரு சட்டம் போட்டார்கள். வண்டிக்கு முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு நடந்து போக வேண்டும். அதாவது திருவிதாங்கூர் பொதுச்சாலை அறிவிப்பு வந்த அதே வருடம். இரண்டு ஊரிலும் முன்னால் ஒரு ஆள் போகிறார். ஆனால் ஒருவர் போவது மற்றவர்களை விரட்ட, இன்னொருவர் போவது மற்றவர்களைக் காப்பாற்ற!

1896-ல் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கி மோட்டார் வண்டிகளை அனுமதித்தபோது, ஒரு நிபந்தனை வைத்தார்கள். தற்செயலாக வருவதைத் தவிர, கண்ணுக்குத் தெரியும் புகை வெளியே வராதபடி வண்டி இருக்க வேண்டும். மோட்டார் வண்டி பிறந்து பத்து வருடம் சற்றே தாண்டியிருந்தது, அதற்குள் புகைக்குத் தடை வந்துவிட்டது.

சத்தத்தின் கதையும் இப்படித்தான். எஞ்சினில் எரிந்த வாயு அதிக அழுத்தத்தில் வெளியே பாயும்போதுதான் வெடிச் சத்தம் வருகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு வினாடிக்கு 25 முறை இந்த வெடிப்பு வெளியேறும். சைலன்சர் என்பது துளை போட்ட குழாய்களும் சின்னச் சின்ன அறைகளும் கொண்ட ஒரு டப்பா. ஒலி அலைகள் அதற்குள் மோதித் திரும்பி ஒன்றையொன்று அடக்கிவிடும். பழைய கார்களில் இந்த சைலன்சரைச் சுற்றிக்கொண்டு புகையை நேராக வெளியே விட ஒரு வால்வு இருந்தது. அதற்குப் பெயர் 'கட்-அவுட்'. (தியேட்டர் வாசலில் பால் ஊற்றும் கட்-அவுட் இல்லை, இது வேறு!) கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்கும் என்று அதைத் திறந்துவிட்டு ஓட்டுவார்கள். அந்தப் பழைய வார்த்தை இன்றும் இந்தியச் சட்டத்தில் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-எஃப் பிரிவு, தேவையில்லாமல் ஹாரன் அடிப்பதையும் கட்-அவுட் வைத்து ஓட்டுவதையும் ஒன்றாகச் சேர்த்து, முதல் முறைக்கு 1,000 ரூபாய், அடுத்த முறைக்கு 2,000 ரூபாய் அபராதம் என்கிறது. புகை, சத்த அளவுகளை மீறி ஓட்டினால் 190-ம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போய்விடும்.

டூ ஸ்ட்ரோக் ராஜ்ஜியம்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தவர்களுக்கு ஆட்டோ என்றாலே நீலப் புகைதான் ஞாபகம் வரும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும். எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு அப்படியே புகையோடு வெளியே போகும். 1985 முதல் 1996 வரை தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் டூ ஸ்ட்ரோக்தான். அந்த வண்டியின் சத்தத்துக்கென்றே இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

இந்தியாவில் பெட்ரோல் வண்டிகளுக்கான புகை அளவுகள் 1991-லும், டீசல் வண்டிகளுக்கு 1992-லும் வந்தன. 1996-ல் இருசக்கர வண்டி ஒரு கிலோமீட்டருக்கு 4.5 கிராம் கார்பன் மோனாக்சைடு விடலாம். 2000-ல் அது 2 கிராம், 2005-ல் 1.5 கிராம். டூ ஸ்ட்ரோக் பைக்குகள் கடையிலிருந்து மறைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாடு முழுவதும் நின்றது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டீசலில் பத்து லட்சத்துக்கு 10,000 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ். 6 வந்தபோது அது வெறும் 10 பங்காகிவிட்டது. ஆயிரத்தில் ஒரு பங்கு!

சத்தத்துக்கும் அளவு உண்டு. 2005 முதல் 80 சிசிக்கு மேல் 175 சிசி வரை உள்ள புதிய பைக்குக்கு 77 டெசிபல், அதற்கு மேற்பட்டதற்கு 80 டெசிபல். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகிவிடும் என்பது டெசிபல் கணக்கு. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம்.

அப்படியானால் பிரச்சினை எங்கே?

கம்பெனியிலிருந்து வரும் வண்டி இன்று முன்பைவிடப் பல மடங்கு சுத்தம், பல மடங்கு அமைதி. அதைக் கடையில் கொடுத்துச் சத்தமாக மாற்றுவது மனிதர்கள்தான். கம்பெனி போட்டுக் கொடுத்த சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறு மாட்டுவது 52-ம் பிரிவின்படி குற்றம். டீசல் வண்டியின் கரும்புகைக்கு அதிக பாரம், அடைத்துப்போன ஃபில்டர், பம்பில் செய்யும் கோளாறு என்று காரணங்கள் உண்டு. எல்லாம் சரிசெய்யக்கூடியவை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் உறுதி செய்துவிட்டது.

குமரி மாவட்டத்தில் இது மற்ற இடங்களைவிட அதிகம் உறுத்தும். 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டின் சராசரி 555 தான். ரோடு மேடும் பள்ளமுமாக வளைந்து போகிறது. ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போதுதான் புகையும் சத்தமும் அதிகம். பல இடங்களில் வீட்டு வாசலுக்கும் தாருக்கும் நடுவே ஒரு நடைபாதைகூடக் கிடையாது. கல்லும் மண்ணும் ஏற்றிய டாரஸ் லாரி ஒரு ஏற்றத்தில் போனால், பின்னால் சைக்கிளில் வரும் பள்ளிப்பிள்ளை அத்தனையையும் மூச்சில் இழுத்துக்கொள்கிறது. ஹாரனைக் கேட்டுப் பதறி ஓரத்துக்கு ஓடுவது பெரும்பாலும் தலைச்சுமையோடு வரும் மீன்கார அம்மாவோ, தடி ஊன்றி வரும் தாத்தாவோதான். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருப்பவருக்கு அது எட்டுவதில்லை.

சத்தம் போடுகிறவருக்கு ரோடு, சத்தம் கேட்கிறவருக்கு ஓரம். அந்தப் பழைய வழக்கம் இப்போது சாதி கேட்பதில்லை, எத்தனை சிசி என்று கேட்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சாலை மரியாதை என்று சொன்னதும் ஏதோ பெரிய மனது பண்ணிச் செய்யும் உபகாரம் மாதிரி தோன்றுகிறது. கோட்டாறிலிருந்து நடந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் கேட்டது உரிமை. அதே சாலையில் சைலன்சரோடு ஓட்டுவதும், புகைச் சோதனை செய்துகொள்வதும், ஆஸ்பத்திரி முன்னால் ஹாரனில் கை வைக்காமல் இருப்பதும், ரோட்டைக் கடக்கும் ஒரு பாட்டிக்காக அரை நிமிடம் நிற்பதும் அந்த உரிமையை மதிப்பதுதான். ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒரு முறை எடுக்கும் புகைச் சான்றிதழுக்கு ஆகும் செலவு ஒரு சினிமா டிக்கெட் விலைதான் இருக்கும். அந்த ரோடு பொதுவானதாக ஆவதற்கு ஆன செலவு அதைவிட ரொம்ப ரொம்ப அதிகம்.