பிருகன்னளை முதல் 365ஆம் பிரிவு வரை

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் உற்சவத்தை அறியாதார் கல்முனைக் கரையில் இலர். பாண்டவர் வனவாசமும் தீமிதிப்பும் எம்மவர் நெஞ்சில் ஊறியவை. வனவாசத்தை அடுத்த அஞ்ஞாத வாசத்தில் வில்விசயனாம் அருச்சுனன், பிருகன்னளை என்னும் பேடியாய் விராடன் மாளிகையில் வாழ்ந்து உத்தரைக்கு ஆடல் கற்பித்தான். பெண்ணாய்ப் பிறந்து ஆணாகிய சிகண்டியோ வீட்டுமர் எதிரே போர்க்களத்தில் நின்றான். தொல்காப்பியம் பேடியரை உயர்திணையில் வைத்து இலக்கணம் வகுத்தது. மாதவி ஆடிய பதினொரு ஆடல்களுள் பேடும் ஒன்று. எனினும், பெயர் இருந்தமையால் பெருமையும் இருந்தது என்றுரைத்தல் தகாது. அப்பெயரையே வசைச்சொல் ஆக்கியவரும் நாமே.

தம் பாலாரையே நேசிப்போர் நிலை யாது? அவரைக் குற்றவாளியாக்கும் சட்டம் அந்நியர் ஆட்சியில் வந்தது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறானதெனக் கருதிய சேர்க்கைக்குப் பத்தாண்டு வரை சிறை விதித்தது. பின்னர் சேர்ந்த 365அ பிரிவு ஆடவரையே குறித்தது. இங்கிலாந்து 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்தியது. நாமோ 1995இல் ‘ஆண்’ என்னும் வரையறையை நீக்கிப் பெண்களையும் அக்குற்றத்தினுள் அடக்கினோம்! அந்நியர் இட்ட விலங்கை நம் கையாலேயே நீட்டினோம்.

ஆயினும் காலம் நின்றுவிடவில்லை. தமிழ்நாடு 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் மூன்றாம் பாலினத்தாரின் உரிமையை ஏற்றது. 2018 செப்டெம்பர் 6ஆம் நாள் தன்பாலீர்ப்பைக் குற்றமன்று எனத் தீர்த்தது. இலங்கையில் 2016இல் பாலின அங்கீகாரச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. 2023 மே மாதத்தில், இக்குற்றப் பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என எமது உயர் நீதிமன்றம் அறிவித்தது. ஆனால் 2024இல் பாராளுமன்றம் கலைந்தபோது அது நிறைவேறாமலே கழிந்தது.

சட்டம் மாறினாலும் வேலை முடிந்துவிடாது. பள்ளியிற் கேலி, வீட்டிற் கதவடைப்பு, தொழிலிற் புறக்கணிப்பு இவற்றை எந்த நீதிமன்றம் தனித்து நீக்கும்? இக்கரையில் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் சட்டம் ஒன்றே. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளையின் கண்ணீரும் ஒன்றே. இவ்விடயத்தில் மதநெறியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அயலவனை அவமதித்தலை எந்நெறியும் அறமென்று போதிப்பதில்லை.

சங்கத்து இளைஞர்காள்! வசைச்சொல்லை நாவினின்று நீக்குதல் நம் முதற் பணியாகட்டும். பெரியோர்களே! பிருகன்னளைக்கு விராடன் மாளிகையில் இடம் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு நம் வீட்டில் இடம் இல்லையெனின், ஆண்டுதோறும் நாம் பாரதம் கேட்டதன் பயன் என்னை?