வெள்ளிக் காசின் விளிம்பு

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசையும் அது குறிக்கும். மனிதனுடைய நேர்மையையும் குறிக்கும். இங்கிலாந்து நாட்டின் பழைய வெள்ளிக் காசுகளைச் சேர்த்துத் தரம் பிரிக்கக் கற்றபோது, இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் வந்து கூடியது எவ்வளவு பொருத்தம் என்பது எனக்கு விளங்கிற்று.

தரம் பிரித்தல் என்றால் என்ன? நாணயச்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் ஒரு காசு எப்படி இருந்ததோ, அந்நிலையிலிருந்து இன்று எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மதிப்பிடுதலே அது. சற்றும் குறையாதிருப்பதை 'அன்சர்க்குலேட்டட்', அதாவது புழக்கம் காணாதது என்பர். அதன் கீழே 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்', 'வெரி ஃபைன்', 'ஃபைன்', 'ஃபேர்' எனப் படிகள் இறங்கிச் செல்லும். 'ஃபைன்' என்ற சொல்லைக் கேட்டு மாணவர்கள் மயங்கிவிடலாகாது. அகராதியில் அதற்கு நேர்த்தி என்று பொருள். காசு வணிகத்திலோ, நன்றாகத் தேய்ந்தது என்றே பொருள். விற்பவர் மொழி எந்நாட்டிலும் இப்படித்தான்!

வானொலியில் காசை எடுத்துக் காட்ட இயலாது. ஆதலால் மனக்கண்ணால் காணுங்கள். விக்டோரியா அரசியின் இளமை முகம் பொறித்த ஷில்லிங் ஒன்று உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது. தேய்வு முதலில் மேடான இடங்களில் தோன்றும். எனவே காதுக்கு மேலே வாரிச் செல்லும் கூந்தலைப் பாருங்கள். இழைகள் தனித்தனியே தெரிந்தால் உயர்ந்த தரம். அவை ஒன்றோடொன்று கலந்து வெறும் மேடாகிவிட்டால் தரம் இறங்கிவிட்டது. ஆனால் அவசரம் கூடாது. அச்சு சரிவர அழுந்தாத காசிலும் இழைகள் தெரியமாட்டா. அது தேய்வு அன்று; பிறவிக் குறை. வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பார்த்தால், அழுந்தாத இடத்தில் புது வெள்ளியின் மினுமினுப்பு எஞ்சியிருக்கும். தேய்ந்த இடத்தில் அது இராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கைத் திருநீறு இட்டுப் பளபளவென்று துலக்குவது வழக்கம். பழங்காசுக்கு அந்த மரியாதையைச் செய்துவிடாதீர்கள். காற்றிலுள்ள கந்தகச் சேர்க்கையால் வெள்ளி கறுக்கிறது. அக்கருமை பல ஆண்டுகளாகப் படிந்த போர்வை. அதைத் தேய்த்து எடுத்தால், கீழேயுள்ள நுண்ணிய மேற்பரப்பும் உடன் போய்விடும். துலக்கிய காசைத் தேர்ந்தவர் கண் உடனே கண்டுகொள்ளும், விலையும் சரிந்துவிடும்.

இவையெல்லாம் கைபட்டுத் தேய்ந்த காசைப் பற்றியவை. கையல்லாத வேறு இரண்டும் ஆங்கிலேயர் காசைக் குறைத்திருக்கின்றன. ஒன்று அரசனின் பேராசை. மற்றொன்று திருடனின் கத்தி. பழங்காசு எதைக் கையிலெடுத்தாலும், இதில் குறைந்திருப்பதை எடுத்துக்கொண்டவர் யார் என்று கேட்க வேண்டும்.

அரசன் எடுத்த கதை சிறியது. எட்டாம் ஹென்றி போர்ச் செலவுக்காக 1544 முதல் காசில் செம்பை மிகுதியாகக் கலந்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை பங்கு என்று நெடுங்காலம் இருந்த வெள்ளி, 1546-இல் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அவன் முகத்தை நேர்முகமாகப் பொறித்திருந்ததால், மூக்கே காசின் மேடு. மேற்பூச்சு அங்கேதான் முதலில் தேய்ந்து, செம்பு எட்டிப் பார்த்தது. 'செப்பு மூக்கர்' என்று குடிகள் அவனுக்குப் பெயர் சூட்டினார்கள். அவன் மகள் எலிசபெத் அரசி 1560, 1561-ஆம் ஆண்டுகளில் அந்தக் காசுகளைத் திரும்பப் பெற்று, பழைய மாற்றை நிலைநாட்டினாள்.

கத்தியின் கதை பெரிது. பழைய காசுகள் சம்மட்டியால் அடிக்கப்பட்டவை; விளிம்பு கோணல்மாணலாக இருக்கும். ஓரத்தில் சிறிது கத்தரித்துக்கொண்டு காசை மீண்டும் செலவழித்துவிட்டால் கண்டுபிடிப்பது அரிது. 1247-இல் மூன்றாம் ஹென்றி, பென்னியின் பின்புறத்துச் சிலுவையின் கரங்களை விளிம்புவரை நீட்டச் செய்தான். கரத்தின் நுனி காணவில்லையென்றால் யாரோ கைவைத்துவிட்டார் என்று பாமரனும் அறியலாம். ஆயினும் திருட்டு நின்றபாடில்லை. 1662-இல் இயந்திரத்தால் அடித்த காசுகள் வந்தன. அவற்றின் விளிம்பில் எழுத்துக்களோ கீற்றுகளோ பொறித்திருந்தன. கத்தரித்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் பழைய காசையும் செல்லவிட்டதே பிழையாயிற்று. எடை நிறைந்த புதுக்காசை மக்கள் உருக்கினர், அல்லது பெட்டியில் பூட்டினர். குறைந்த காசையே கடைத்தெருவில் தள்ளினர். கத்தரிப்பது இராஜத் துரோகம். ஆண்களைத் தூக்கிலிட்டனர், பெண்களை எரித்தனர். அப்படியும் கத்தி ஓயவில்லை.

நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் நீங்கள் பெயர் கேட்டிருக்கும் மெக்காலே, தம்முடைய இங்கிலாந்து வரலாற்றில் 1695-ஆம் ஆண்டுச் சோதனையொன்றின் முடிவைத் தருகிறார். 100 பவுன் மதிப்புள்ள வெள்ளிக்காசு ஏறத்தாழ 400 அவுன்சு நிறுக்க வேண்டும். பிரிஸ்டல் நகரில் அது 240 அவுன்சே இருந்தது, கேம்பிரிட்ஜில் 203, எக்ஸெட்டரில் 180, ஆக்ஸ்போர்டிலோ வெறும் 116. கூலி வாங்கும் தொழிலாளியும் அரிசிக்கு ஈடான தன் ரொட்டியை விற்கும் வணிகனும் ஒவ்வொரு ஷில்லிங்குக்கும் வழக்காடினர்.

என்ன செய்வது? கருவூலச் செயலர் லவுண்ட்ஸ், புதுக்காசின் எடையைக் குறைத்துவிடலாம் என்றார். தத்துவ அறிஞர் ஜான் லாக், ஷில்லிங் என்று பெயரிட்டுவிட்டு ஷில்லிங்கின் வெள்ளியைக் கொடாதிருப்பது கடன் கொடுத்தவனை ஏமாற்றுவதே என்று வாதிட்டார். பார்லிமெண்டு லாக்கின் பக்கம் நின்றது. கொள்கையளவில் அது நேர்மையே. ஆனால் நடந்தது என்ன? கத்தரித்த காசை முழு மதிப்புக்கு வரியாகப் பெறும் கடைசி நாள் 1696 மே 4 என்று குறித்தார்கள். வரி செலுத்தும் அளவுக்குச் செல்வம் உடையவர்கள் தம்மிடமிருந்த குறைக்காசையெல்லாம் அரசின் தலையில் கட்டித் தப்பினர். வரி கட்டும் வாய்ப்பில்லாத ஏழையின் கையில் தங்கியது அதன்பின் எடைக்கே விலைபோயிற்று. அரசுக்கு நேர்ந்த இழப்பை ஈடுகட்ட வீட்டுச் சன்னல்களுக்கு வரி விதித்தார்கள். அவ்வரி 1851 வரை நீடித்தது. லாக்கின் அறிவுக்கு நான் தலைவணங்குகிறேன். எனினும் நேர்மைக்கான விலையை இங்கே மிகுதியாகக் கொடுத்தவர்கள் காசைக் கத்தரித்தவர்கள் அல்லர் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவ்வாண்டிலேயே ஐசக் நியூட்டன் நாணயச்சாலையின் காப்பாளராக வந்தார். ஆம், புவியீர்ப்பைக் கண்ட அதே நியூட்டன்தான்! கள்ளக்காசு அடிப்போரைத் துருவித் துருவி விசாரித்தார். வில்லியம் சலோனர் என்ற பெருங்கள்ளன் அவர் திரட்டிய சான்றுகளால் 1699-இல் தூக்கிலேறினான். காசுப் பஞ்சத்தைத் தீர்க்க ஐந்து ஊர்களில் கிளைச்சாலைகள் திறந்தனர். பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸெட்டர், நாரிச், யார்க் ஆகிய அவற்றின் முதலெழுத்து, அரசன் வில்லியத்தின் உருவத்துக்குக் கீழே இருக்கும். என்னிடம் யார்க்கில் அடித்த 1696-ஆம் ஆண்டின் ஆறு பென்னிக் காசு ஒன்று உண்டு. அரசனுடைய முடி முழுவதும் மழுங்கிவிட்டது. 'ஃபேர்' என்பதற்கு மேல் யாரும் தரம் கொடார். ஆனால் விளிம்பின் கீற்றுகள் சுற்றிலும் இருக்கின்றன. குறைந்ததெல்லாம் கைகள் எடுத்தது. கத்தி எடுத்தது ஒன்றுமில்லை. எவர் கையிலும் படாத காசுக்கே சந்தையில் பொன் விலை. என்னைக் கேட்டால், இந்த மழுங்கிய காசை அதற்கு மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பின்வந்த நூற்றாண்டில் தங்கத்துக்கு இங்கிலாந்தில் மதிப்பு கூடுதலாகக் கணிக்கப்பட்டதால், வெள்ளி கப்பலேறிக் கிழக்கே வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியச் சரக்குகளுக்கு வெள்ளியையே கொடுத்தது. அதனால் அங்கே வெள்ளிக்காசு அடிப்பது அருகிப்போயிற்று. 1745, 1746-ஆம் ஆண்டுக் காசுகள் சிலவற்றில் 'லிமா' என்ற சொல் காணப்படும். ஸ்பானியரிடம் கடலில் கைப்பற்றிய வெள்ளி என்பதற்கு அது அடையாளம். 1816-இல் ஒரு வழி கண்டார்கள். அதுவரை ஒரு டிராய் பவுண்டு வெள்ளியில் 62 ஷில்லிங் அடித்தவர்கள், அதே எடையில் 66 அடித்தார்கள். காசின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியின் விலையைவிட மிகுந்தது. ஓரத்தைக் கத்தரிப்பவனுக்கு அதில் ஆதாயம் இல்லாமற்போயிற்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் லவுண்ட்ஸ் சொன்னதன் சாயல் இதில் உண்டு.

ஏமாற்று வேறு உருவில் வந்தது. 1887-இல் வெளியிட்ட ஆறு பென்னிக் காசு, தோற்றத்தில் பத்து ஷில்லிங் பொற்காசை ஒத்திருந்தது. தங்க முலாம் பூசினார்கள். இருபது மடங்கு விலைக்கு மாற்றினார்கள். அந்த வடிவத்தை அவ்வாண்டிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இன்று கிடைக்கும் அக்காசுகளில் முலாம் பூசிய தடயம் உண்டா என்று பார்ப்பதும் தரம் பிரிப்பவர் கடமை.

1920-இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் புழக்கக் காசிலிருந்து முற்றும் நீங்கி, செம்பும் நிக்கலும் கலந்த உலோகம் அதன் இடத்தைப் பெற்றது. போர்க்காலத்தில் அமெரிக்கா கொடுத்திருந்த வெள்ளியைத் திருப்ப வேண்டியிருந்தது. பெரிய வியாழனன்று முதியோருக்கு அரசர் தம் கையால் வழங்கும் சிறு காசுகள் மட்டும் அதே 1947-இல் பழைய தொண்ணூற்றிரண்டரை மாற்றுக்குத் திரும்பின. இன்றும் அவை அம்மாற்றிலேயே அடிக்கப்படுகின்றன. பெறுபவர்கள் அவற்றைக் கடையில் கொடுப்பதில்லை. பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள்.