முப்பது இலட்சம் சொற்கள்

தமிழ்த் தரவகம் என்றதும் கணினி மொழியியல் பயிலவரும் மாணவர் பலர் இணையத்தையே எண்ணுகின்றனர். அதற்கு முந்தைய கதை மைசூரு மானசகங்கோத்ரியில் இருக்கிறது. தேவிபிரசன்ன பட்டநாயக்கை முதல் இயக்குநராகக் கொண்டு 1969இல் அங்கே தோன்றியது இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம்.

இந்தியாவின் முன்னோடிக் கணினித் தரவகம் இந்திய மொழி எதற்கும் உரியதன்று. அமெரிக்காவின் பிரவுன் தரவகத்தைப் பின்பற்றிக் கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தார் பத்து இலட்சம் சொற்களில் தொகுத்தது இந்திய ஆங்கிலத்தை! இந்நிலை மாறியது 1991இல். நடுவணரசின் மின்னணுவியல் துறை மொழித் தொழில்நுட்பத் திட்டத்தைத் தொடங்கியபோது தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கும் மைசூரின் பொறுப்பாயின. மொழிக்கு முப்பது இலட்சம் சொற்கள் இலக்கு. யூனிகோடு அப்போதுதான் பிறந்திருந்தது. அச்சுப் பக்கங்களைத் தட்டச்சு செய்தே உள்ளிட வேண்டியிருந்தது. இலக்கியத்தோடு நில்லாமல் அறிவியல், வணிகம், ஆட்சிமொழி, மொழிபெயர்ப்பு எனத் துறை வகுத்து நூல்களைத் தேர்ந்தனர். என் பார்வையில் அத்திட்டத்தின் உயிர்நாடி இத்தேர்வே.

இன்றைய அளவில் அது சிறிதுதான். ‘வந்தான்’ முதல் ‘வராவிட்டாலும்’ வரை ஒரு வினையடியே எண்ணற்ற வடிவெடுக்கும் தமிழில், பல வடிவங்கள் அதில் ஒருமுறையேனும் வந்திரா. ஆயினும் ஒரு சொல் எத்துறை எழுத்திலிருந்து வந்தது என்பதற்கு அங்கே விடையுண்டு. இணையத்தில் அள்ளிய கோடிக்கணக்கான சொற்களுக்கு அவ்விடையை யார் தருவார்?

பின்னர் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகம் பங்கேற்ற எமில் தரவகத்தில் மைசூர்த் தொகுப்பும் இணைந்தது. இந்திய மொழிகளுக்கான மொழியியல் தரவுக் கூட்டமைப்பு அதே நிறுவனத்தில் அமைந்தபின் எழுத்தோடு பேச்சுத் தரவும் அங்குத் திரட்டப்படுகிறது.