ஐந்து காசின் விலை

1973 இல் தில்லிப் போக்குவரத்துக் கழகப் பேருந்து ஒன்றில், பெண் பயணி ஒருவரிடம் 15 காசு பெற்றுக்கொண்டு 10 காசுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்ததாக நடத்துநர் ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. 1976 இல் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 1990 இல் தொழிலாளர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கழகம் உயர்நீதிமன்றத்தை நாடி, 2008 இல் அங்கும் தோற்றது. அப்போதும் வழக்கு ஓயவில்லை. 2016 இல் அவருக்கு வழங்கப் பணிக்கப்பட்ட இழப்பீடு மட்டும் 30,000 ரூபாய். அதாவது ஆறு இலட்சம் ஐந்து காசுகள். ஐந்து காசு நாணயமோ 2011 இலேயே செல்லாக்காசாகிவிட்டிருந்தது.

அதிகாரவர்க்கத்தின் பிடிவாதம் என்று நகைத்துக் கடந்துவிடலாம். ஆனால் கழகத்தின் கணக்கு வேறு. பேருந்து என்பது நகரும் கல்லாப்பெட்டி; அதன் ஒரே காவலர் நடத்துநர். வாங்கிய காசுக்கும் கிழித்த சீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த பயணியோ அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கூட்டத்தில் கரைந்துவிடுவார். எல்லா நடைகளையும் சோதிக்க முற்பட்டால் சோதனைச் செலவே வசூலை விழுங்கிவிடும். ஆகவே பறக்கும் படை எப்போதோ ஒருமுறை ஏறுகிறது. அன்று சிக்கியவர், சிக்காத அத்தனை பேருக்கும் சேர்த்துத் தண்டனை பெறுகிறார். பிடிபடும் வாய்ப்பு குறைந்த இடத்தில் தண்டனையைக் கூட்டுவதே சிக்கனம் என்று கேரி பெக்கர் 1968 இல் வகுத்த வாதம், பணிமனைகளில் எவரும் படிக்காமலேயே நடைமுறையில் இருந்தது.

சான்றுக்கான செலவை நீதித்துறையும் அறிந்திருந்தது. ஹரியானா அரசுப் பேருந்தில் 11 பயணிகள் சீட்டின்றிப் பிடிபட்ட வழக்கில், பணம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட அப்பயணிகளுள் ஒருவர்கூட விசாரிக்கப்படவில்லை என்பதால் கீழமை நீதிமன்றங்கள் நடத்துநரை ஆதரித்தன. 1977 இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது: துறை விசாரணைக்குச் சாட்சியச் சட்டத்தின் கடும் விதிகள் பொருந்தா, ஏதேனும் ஓரளவு சான்று இருந்தால் போதும். தொழிலாளர் பரிவுக்குப் பெயர்பெற்ற வி. ஆர். கிருஷ்ணய்யரே அத்தீர்ப்பை எழுதினார் என்பது ஆய்வாளர் கவனத்துக்குரியது. பயணிகளைத் தேடிப்பிடிக்கும் செலவு நிர்வாகத்துக்கு மிச்சமாயிற்று. அதற்கு ஈடான இடர் நடத்துநரின் தோளில் இறங்கிற்று.

2019 அக்டோபரில் தில்லிப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. ஆயினும் இளஞ்சிவப்புச் சீட்டு வழங்கப்பட்டது. சீட்டொன்றுக்கு 10 ரூபாய் வீதம் அரசு கழகத்துக்கு ஈடுசெய்யும் ஏற்பாடு. ஒரு காலத்தில் குறைவாகக் கிழித்த சீட்டே ஐயத்துக்குரியது. இந்த ஏற்பாட்டிலோ, ஏறாத பயணிக்கும் சீட்டு கிழிபட்டதா என்பதே தணிக்கையின் கேள்வி.